தண்ணீரை வெளியே தள்ளுவதா, உள்ளேயே நிறுத்தி வைப்பதா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நான்கு பிளாக்குகளில் 64 வீடுகள். மொத்த இடம் சுமார் 6,000 சதுர மீட்டர். அதில் கூரை 2,000, பார்க்கிங்கும் பாதையும் சேர்ந்து 2,800, மீதி 1,200 புல்தரை. இரண்டு வருடத்தில் மூன்று முறை தாழ்வான பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது. ஒரு முறை அது லிஃப்ட் குழிக்குள் இறங்கி, 11 நாள் லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெரியவர் அத்தனை நாளும் கீழே இறங்க முடியாமல் இருந்திருக்கிறார்.

பார்க்கிங் தரையை ஒரு அடி உயர்த்தி, தெரு வடிகாலுக்குப் பெரிய குழாய் போட்டு, ஒரு மோட்டாரும் வைத்துவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். குடியிருப்பின் இளைஞர்கள் சிலர், ‘குழாயே வேண்டாம், மழைத்தோட்டம், குளம், பசுமைக் கூரை போதும்’ என்கிறார்கள். மழைத்தோட்டம் என்பது மழைத்தண்ணீர் இறங்குவதற்காகத் தாழ்த்தி அமைக்கும் செடிப் பாத்தி; பசுமைக் கூரை என்பது மண் பரப்பிச் செடி வளர்க்கும் மொட்டைமாடி. குளம் என்றாலே கொசு என்று மூத்தவர்கள் பயப்படுகிறார்கள். பின்பக்கச் சுவருக்கு அப்பால் இருப்பவர்களோ, தண்ணீர் எங்கள் பக்கம் வந்தால் வழக்குப் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். ‘எல்லோருக்கும் நான்தான் கெட்டவள் ஆகிவிட்டேன். எந்த வழி சரி, சார்? இவ்வளவு புல்தரை இருந்தும் தண்ணீர் ஏன் நிற்கிறது?’ என்று கேட்கிறார்.

வணக்கம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் கெட்டவர் இல்லை. சம்பளம் இல்லாத வேலையில் 64 வீடுகளின் தண்ணீரைத் தலையில் சுமக்கிறீர்கள். மழைநீர் வடிகால் வடிவமைக்கிற பொறியாளர்களே மாதக்கணக்கில் விவாதிக்கிற விஷயம் இது. ஒரு கூட்டத்தில் முடிவாகவில்லை என்பதற்காக நீங்கள் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தின் நான்காவது பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது. ‘மூன்றாவது முறை, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சேம்பர் மூடியைச் சுற்றி குமிழி குமிழியாகத் தண்ணீர் மேலே வந்தது.’ நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள் இருக்கிறது.

அந்தக் குமிழி சொல்வது என்ன?

மழை உங்கள் இடத்திலிருந்து சேம்பர் என்கிற மூடி போட்ட வடிகால் தொட்டிக்கு வந்து, குழாய் வழியாகத் தெருவுக்குப் போக வேண்டும். அன்றைக்குத் தெரு வடிகால் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அங்கே நீர்மட்டம் உங்கள் சேம்பரின் வாயைவிட உயர்ந்ததும் தண்ணீர் திரும்பி உங்கள் பக்கம் நடந்துவிட்டது. குமிழி என்பது குழாய்க்குள் இருந்த காற்று முந்திக்கொண்டு வெளியேறியது. ஆக, உங்கள் பார்க்கிங்கில் நின்றதில் ஒரு பங்கு உங்கள் மழையே இல்லை, தெருவின் மழை.

இப்போது ஒப்பந்ததாரரின் யோசனையைப் பாருங்கள். குழாயைப் பெரிதாக்கினால், தெரு வடிகால் காலியாக இருக்கிற நாட்களில் உங்கள் தண்ணீர் வேகமாகப் போகும். அது நிரம்பியிருக்கும் நாளில் அதே பெரிய குழாய் தெருத் தண்ணீரை உள்ளே கொண்டுவரும், முன்பைவிட அதிகமாக. நீங்கள் பயப்படுவது அந்த நாளுக்குத்தானே. தரையை ஒரு அடி உயர்த்தினால் தண்ணீர் மறைந்துவிடாது, இடம் மாறும்: ஒன்று தரைத்தள வீடுகளின் வாசலுக்கு, இல்லையென்றால் பின்சுவருக்கு அப்பால். மோட்டார் ஒரு கூடுதல் பாதுகாப்பு, அவ்வளவுதான். பெருமழையில் முதலில் போவது மின்சாரம். அதோடு, நிரம்பிய தெருவுக்குத் தண்ணீரை இறைத்தால் அது சுற்றிக்கொண்டு திரும்பி வரும்.

அதனால் முதல் வேலை அந்தக் குழாயில் ஒருவழி வால்வு. பிளம்பர்கள் என்ஆர்வி என்பார்கள். தெருவின் மட்டம் உயர்ந்தால் மூடிக்கொள்ளும், இறங்கினால் திறந்துகொள்ளும். இந்த வேலையில் செலவு குறைந்தது இதுதான். ஆனால் வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் மழைக்கும் வெளியே போக வழி கிடையாது. தெரு வடியும் வரை, ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ, உங்கள் மழையை நீங்களே உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். நீல-பசுமைக் கட்டமைப்பு என்று இன்று சொல்லப்படுவதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படுவது இதற்காகத்தான். நீலம் என்றால் தண்ணீர் நிற்கவும் ஓடவும் இடம். பசுமை என்றால் அதை வாங்கிக்கொள்ளும் மண்ணும் செடியும். இளைஞர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குழாயே வேண்டாம் என்பது மட்டும் சரியில்லை.

உலகத்தில் இதைப் பெரிய அளவில் செய்த நகரங்களும் குழாயைக் கைவிடவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று சுமார் இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 150 மி.மீ. மழை கொட்டியது. அடுத்த வருடமே பெருமழைக்கென்று தனித் திட்டம் போட்டார்கள். ஏறத்தாழ 300 வேலைகள். பூங்காக்களும் தெருக்களும் தண்ணீரை நிறுத்தி வைக்கின்றன. கூடவே நிலத்தடிச் சுரங்கக் குழாய்களும் அந்தத் திட்டத்தில் உண்டு. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 2013-ல் திறந்த பெந்தெம்பிளைன் சதுக்கம் வெயில் நாளில் பிள்ளைகள் பந்து விளையாடும் பள்ளம். மழை நாளில் அது நிறைந்து, அப்புறம் மெல்ல வடிகிறது. எல்லாவற்றிலும் வேலை ஒன்றுதான்: தண்ணீர் ஒரே சமயத்தில் குழாய்வாயில் முட்டாதபடி, அது நிற்க இடமும் வடிய நேரமும் கொடுப்பது.

உங்கள் இடத்துக் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் எந்த ஒப்பந்ததாரரிடமும் தைரியமாகப் பேசலாம்.

ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 6,000 சதுர மீட்டரில் விழுவது 3 லட்சம் லிட்டர். கூரையிலும் கான்கிரீட்டிலும் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவரும். புல்தரையில் பத்தில் மூன்று என்று எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 2,34,000 லிட்டர். வால்வு மூடியிருக்கும்போது நீங்கள் இடம் கொடுக்க வேண்டிய அளவு இது.

இடம் எங்கே? புல்தரையில் 300 சதுர மீட்டரைத் தாழ்த்தி மழைத்தோட்டமாக்கினால், மேலே 20 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும்: 60,000 லிட்டர். அதன் மண்ணுக்குக் கீழே 30 செ.மீ. ஜல்லி அடுக்கு போட்டால், ஜல்லியின் இடுக்குகளில் சுமார் 40 சதவீதம் வெற்றிடம்: இன்னொரு 36,000. பார்க்கிங்கில் 800 சதுர மீட்டருக்கு நீர் புகும் பேவர் கல் பதித்து, கீழே அதே 30 செ.மீ. ஜல்லி போட்டால் 96,000. கூரைத் தண்ணீருக்கு 40,000 லிட்டர் தொட்டி ஒன்று. கூட்டிப் பாருங்கள்: 2,32,000. ஏறக்குறைய வந்துவிட்டது. மண்ணே குடிப்பதை இதில் நான் சேர்க்கவில்லை. அது கைக்கு மீறிய நாளுக்கு இருக்கட்டும்.

இது தோராயக் கணக்கு. உங்கள் ஊரின் மழை அளவை வைத்து ஒரு பொறியாளர் திரும்பப் போட வேண்டும். ஆனால் இது நடக்கக்கூடிய காரியம், கனவு இல்லை என்பது தெரிந்துவிட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கூட்டத்தில் அழுத்திச் சொல்லுங்கள். மழையை வாங்குவது காலியிடம்தான். இளைஞர்கள் கேட்கும் அல்லிக்குளம் எப்போதும் விளிம்பு வரை நிறைந்திருந்தால், அழகாக இருக்கும். மழைக்கு அதில் ஒரு லிட்டர் இடம் இருக்காது. தொட்டியும் அப்படித்தான். மழை வரும் என்று தெரிந்தால் முதல் நாளே காலி செய்து வைக்க வேண்டும். குளம் வேண்டும் என்றால் வழக்கமான மட்டத்துக்கு மேலே ஒரு முழம் காலி வைத்து, போக்குவாய்க்காலை அந்த மட்டத்தில் அமையுங்கள். என்னைக் கேட்டால், உங்கள் இடத்துக்குக் குளம் வேண்டாம். மற்ற நாளில் காய்ந்து கிடக்கும் பள்ளமே போதும்.

புல்தரை ஏன் குடிக்கவில்லை?

நீங்கள் அனுப்பிய படத்தை நன்றாகப் பார்த்தேன். பாதையைவிடப் புல்தரை உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு ஓரக்கல் வேறு. பாதையில் ஓடும் தண்ணீர் அதற்குள் எப்படி ஏறும்? கட்டடம் கட்டிய காலத்தில் லாரியும் இயந்திரமும் ஓடி இறுகிப்போன மண்ணின் மேல் நான்கு விரல் செம்மண் கொட்டிப் புல் பதித்திருப்பார்கள். அப்படிப்பட்ட புல்தரை, கண்ணுக்குப் பச்சை. மழைக்கு ஏறக்குறைய சிமென்ட் தரை.

என் வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். ஒரு குடியிருப்பில் நாங்கள் அமைத்த மழைத்தோட்டத்தை மூன்று வருடம் கழித்துப் பார்க்கப் போனேன். செடிகள் செழித்து நின்றன. ஆனால் மழை வந்தபோது தண்ணீர் அதன் ஓரமாகவே ஓடிப் போனது, உள்ளே நுழையவில்லை. குனிந்து பார்த்தால், ஓரக்கல்லில் நாங்கள் வெட்டி விட்ட வாய்க்கு நேராக மண் மேடாக இருந்தது. தோட்டக்காரர் ஒவ்வொரு பருவத்துக்கும் அக்கறையாக எருவும் மண்ணும் போட்டு வந்திருக்கிறார்; பாத்தி கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வாயை அடைத்துவிட்டது. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. இந்தப் பாத்தி தாழ்ந்திருக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. அன்றிலிருந்து பாத்திக்கு நடுவே ஒரு கல்லை நட்டு, ‘மண் இதற்கு மேல் வரக்கூடாது’ என்று பெயின்டால் கோடு போடாமல் நான் ஒரு வேலையையும் முடிப்பதில்லை.

அதனால் யார் வேலை செய்தாலும் முதல் நாள் கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை, அதாவது டியூப் லெவலை, எடுத்துவரச் சொல்லுங்கள். பாதையின் வாட்டம் (சரிவு) எந்தப் பக்கம், ஓரக்கல்லில் வாய் எங்கே, பாத்தியின் அடி அதைவிட எவ்வளவு கீழே என்று அளந்து எழுதி வையுங்கள். பாத்தி பாதையைவிட ஒரு சாணாவது தாழ்ந்திருக்க வேண்டும். தண்ணீர் நுழைகிற இடத்தில் கூழாங்கல் போட்ட சின்னக் குழி ஒன்று இருக்கட்டும். வண்டலும் குப்பையும் அங்கேயே தங்கும், அள்ளுவதும் எளிது.

மண்ணைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

மழைத்தோட்டம் வரப்போகும் இடத்தில் மூன்று குழிகள் தோண்டுங்கள். பாத்தியின் அடி எந்த ஆழத்தில் வருமோ அந்த ஆழம். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, ஒரு ஸ்கேலைச் செருகி மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். மணிக்கு 25 மி.மீ. இறங்கினால், 20 செ.மீ. தண்ணீர் எட்டு மணி நேரத்தில் போய்விடும். 12 மி.மீ.க்கும் குறைவு என்றால் களிமண் அல்லது இறுகிய மண். அப்போது ஜல்லிக்குள் துளையிட்ட குழாய் ஒன்றை வைத்து, மெல்ல வடியும்படி வெளியேற்றத்தோடு இணைக்க வேண்டும். களிமண் என்பதற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, குழாயை மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நிலத்தடி நீர் மேலேயே இருந்தால் மண் தண்ணீரைக் கீழே இறக்காது. குழியின் அடியில் தண்ணீர் ஊறி வருகிறதா என்றும் பாருங்கள். கட்டடத்தின் அஸ்திவாரத்திலிருந்து மழைத்தோட்டம் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். உங்கள் லிஃப்ட் குழி இருக்கும் பக்கம் பேவர் கல்லுக்கு அடியில் நீர்புகாத விரிப்பு போட்டு, தண்ணீரைக் குழாய் வழியே தள்ளி எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பெரியவருக்காகவாவது இதில் சமரசம் வேண்டாம்.

ஒருவர் பார்க்கிங் தண்ணீரை நேராக ஆழ்துளைக் கிணற்றுக்குள் விடலாம் என்றாராம். தயவுசெய்து வேண்டாம். வண்டி எண்ணெய், டயர் தூள், பிரேக்கிலிருந்து உதிரும் உலோகம் எல்லாம் அதில் இருக்கும். மண்ணும் செடியும் உள்ள பாத்தி வழியாகப் போனால் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அன்றைக்குப் பொங்கிய தண்ணீரில் சாக்கடை நாற்றம் இருந்ததா என்பதையும் விசாரியுங்கள். இருந்தால் எங்கோ கழிவுநீர் கலக்கிறது. அதைப் பிரித்த பிறகுதான் மற்ற வேலைகள்.

பசுமைக் கூரையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 10 செ.மீ. மண் நனைந்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் எடை வரும். கட்டட அமைப்புப் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் அந்தப் பேச்சே கூடாது.

கொசு பற்றி

மூத்தவர்களின் பயத்தை அலட்சியமாகத் தட்டிவிடாதீர்கள். டெங்கு பார்த்த வீட்டுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஆனால் முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரம் போல ஆகும். மழைத்தோட்டம் இரண்டு நாளில் வடிந்துவிட வேண்டும் என்பதே அதன் விதி. மூன்றாம் நாளும் தண்ணீர் நின்றால் அது பழுது. உடனே பார்க்க வேண்டும். உண்மையில் இப்போது கொசு எங்கே வளர்கிறது தெரியுமா? வாட்டம் தப்பி, எப்போதும் நான்கு விரல் தண்ணீர் தேங்கும் உங்கள் சேம்பர்களில். மூடியைத் திறந்து டார்ச் அடித்து அவர்களுக்கே காட்டுங்கள். பேச்சு சுமுகமாகிவிடும்.

பின்சுவர்க்காரர்களும் சட்டமும்

நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் ஊர் விதிகளை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பல நாடுகளில் பொதுவாக நிற்கும் கொள்கை ஒன்று உண்டு. மேட்டிலிருந்து இயற்கையாக வழியும் தண்ணீரைத் தாழ்ந்த நிலம் ஏற்க வேண்டும். ஆனால் மேட்டில் இருப்பவர் அதை அதிகமாக்கவோ ஒரே இடத்தில் குவித்துத் தள்ளவோ கூடாது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 640-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. தரையை உயர்த்தும் யோசனை இந்தக் கோட்டைத் தாண்டுகிறது. உள்ளே நிறுத்தி வைக்கும் யோசனை பின்சுவருக்குப் போகும் தண்ணீரைக் குறைக்கிறது. வழக்கு பயத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய்க் காட்டுங்கள்.

50 மி.மீ.க்கு மேல் பெய்கிற நாளும் வரும். அன்றைக்கு நிரம்பி வழிவது எந்தப் பக்கம் போகும் என்பதை இப்போதே முடிவு செய்து, தரையின் வாட்டத்தை அப்படி அமையுங்கள்: லிஃப்டைவிட்டு விலகி, பின்சுவரைவிட்டு விலகி, கேட்டை நோக்கி. இந்தப் பாதையைக் காட்டாத எந்த வரைபடத்திலும் சங்கம் கையெழுத்துப் போடக் கூடாது.

தெரு வடிகால் ஏன் நிரம்பியது என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. தண்ணீர் நின்ற மூன்று நாட்களின் தேதி, நேரம், படங்கள், சேம்பர் பொங்கிய விவரம் எல்லாவற்றையும் எழுதி உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வடிகாலின் அடிமட்ட அளவையும் கேளுங்கள். வால்வு வைக்க அது வேண்டும். சாலையோடு இணைக்கும் வேலைக்கு முன்அனுமதி தேவைப்படும்.

பராமரிப்பை யார் பெயரில் எழுதுவது?

பேவர் கல்லின் இடுக்குகள் தூசியால் அடைபடும். வருடத்துக்கு இரண்டு முறை உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்ய வேண்டும். அதன் மேல் மணலோ சிமென்டோ கொட்டிக் கலக்க யாரையும் விடக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் ஒரே ஒரு கொத்தனார் ஒரு மதியத்தில் அதைக் கெடுத்துவிட முடியும். பாத்தியில் முதல் வருடம் களை அதிகம். மழைக்காலத்துக்கு முன்பு ஓரக்கல் வாய்களையும் வால்வையும் பார்க்க வேண்டும். இந்த நான்கையும் ஆண்டுப் பராமரிப்புப் பட்டியலில், செய்ய வேண்டியவர் பெயரோடு எழுதுங்கள். தோட்டக்காரரை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

பணம் ஒரே தடவையில் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. அப்படியானால் வரிசை இது: முதலில் வால்வும் லிஃப்ட் குழியின் வாயில் ஒரு தடுப்பு வரம்பும், அடுத்து மழைத்தோட்டம், ஏனென்றால் மண் வேலைதான் அதில் பெரும்பங்கு, பேவர் கல்லைப் பார்க்கிங் தரை எப்படியும் பெயர்க்கப்படும் வருடத்தில் செய்யலாம், தொட்டி கடைசியில். தெரு எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்பதை மட்டும் அடுத்த மழையில் யாராவது சேம்பருக்குப் பக்கத்தில் நின்று குறித்து வையுங்கள். அந்த நேரமும் மூன்று குழிகளின் அளவும் கிடைத்ததும் எழுதுங்கள். பாத்தியின் ஆழத்தையும் துளைக் குழாயின் மட்டத்தையும் அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.